ஒளிப்படமும் திறனாய்வும்: ஜூலியா மார்கரற் கமரனை முன்வைத்து ஒரு நோக்கு

கவிதை, சிறுகதை, நாவல் ஆகியவற்றை மதிப்பிடுவதற்குரிய அளவுகோல்கள் பற்றி ஈழத்துத் தமிழ்ச் சூழலில் நீண்ட விவாதங்கள் நிகழ்ந்துள்ளன. ஒளிப்படக் கலை அத்தகைய கவனத்தைப் பெற்றதில்லை. கமரா வசதி படைத்தோர் சிலரின் உடைமையாக இருந்த காலத்தில் இது பெருங்குறையாகத் தோன்றாதிருந்திருக்கலாம். கைத்தொலைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் படம்பிடிப்பவராகிவிட்ட இன்று இக்குறை புறக்கணிக்கத்தக்கதன்று. மாணவர் எடுத்த படங்கள் ஒரு மண்டபச் சுவரில் தொங்கவிடப்படும்போது அவற்றின் முன் எழும் கருத்துக்கள் பெரும்பாலும் இரண்டே. ஒன்று ‘மிக நன்று’ என்பது. மற்றது ‘தெளிவில்லை’ என்பது. முன்னது எடுத்தவரை மகிழ்விக்கிறது. ஆயின் அடுத்த படத்தை எவ்வாறு எடுப்பது என்பதை அவருக்குச் சொல்வதில்லை. பின்னது குறையைச் சுட்டுகிறது. அக்குறை எங்கிருந்து வந்தது என்பதை ஆராய்வதில்லை. பயில்நிலைக் கலைஞருக்கு உதவும் திறனாய்வு இவ்விரண்டுக்கும் அப்பால் அமைய வேண்டியது.

இவ்விடயத்தை விளங்கிக்கொள்வதற்கு இலங்கையோடு நெருங்கிய தொடர்புடைய ஒருவரின் வரலாறு துணைசெய்கின்றது. கோல்புறூக் – கமரன் ஆணைக்குழுவின் வாயிலாக இலங்கை மாணவர் அறிந்த சாள்ஸ் ஹே கமரனின் மனைவியே ஜூலியா மார்கரற் கமரன். 1815இல் கல்கத்தாவிற் பிறந்த இவருக்கு 1863ஆம் ஆண்டு டிசெம்பரில் மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசளித்தனர். அப்பொழுது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. முறையான பயிற்சி எதுவுமின்றிப் பழகத் தொடங்கிய அவர் அடுத்த ஆண்டிலேயே இலண்டன் ஒளிப்படச் சங்கத்தில் உறுப்பினரானார். 1865இல் அவரது படங்கள் காட்சிக்கு வந்தன.

அவற்றை மதிப்பிட்ட சங்கத்தின் சஞ்சிகை, படங்களின் துணிச்சலான புதுமையை ஒருவாறு ஒப்புக்கொண்டபோதும், அப்புதுமை ஒளிப்படத்தின் ஏனைய நற்பண்புகளைப் பலிகொடுத்துப் பெறப்பட்டது எனக் கண்டித்தது. உருவங்கள் குவியம் பிசகித் தோன்றுகின்றன என்பது முதன்மையான குற்றச்சாட்டு. கண்ணாடித் தகடுகளிற் கீறல்களும் கறைகளும் காணப்பட்டமையும் கண்டனத்துக்குள்ளாயிற்று. இங்கு திறனாய்வாளர் கூறியவற்றுட் பொய் எதுவுமில்லை. குவியம் கூர்மையாக இல்லை என்பது உண்மை. கீறல்கள் இருந்தன என்பதும் உண்மை. ஆயினும் இம்மதிப்பீடு கமரனுக்கு எவ்வகையிலும் பயன்பட்டதெனக் கூறுவதற்கில்லை. தன்மையால் வேறுபட்ட குறைகளை ஒரே தட்டில் வைத்து நிறுத்தமையே இதற்குக் காரணம் எனலாம்.

அக்காலத்து ஈரக் கொலோடியன் முறையில், கண்ணாடித் தகட்டில் இரசாயனத்தைப் பூசி, அது உலரும் முன்னரே படம் எடுத்துக் கழுவி முடிக்க வேண்டும். கமரன் பயன்படுத்திய பெரிய தகடுகளுக்குப் பல நிமிட நேரம் ஒளி தேவைப்பட்டது. அந்நேரத்தில் அமர்ந்திருப்பவர் அசைந்தால் உருவம் மங்கும். இது ஊடகம் விதித்த எல்லை. தகட்டில் விழுந்த கீறல், கைரேகை முதலியன கவனக்குறைவின் விளைவு. குவியத்தின் மென்மையோ இவ்விரண்டிலும் அடங்காதது. தொடக்கத்தில் அது தற்செயலாக நேர்ந்ததென்பதை அவரே பின்னர் தம் நினைவுக்குறிப்பில் ஒப்புக்கொள்கின்றார். வில்லையைத் திருப்பிச் செல்கையில் கண்ணுக்கு அழகெனப்பட்ட இடத்தில் தாம் நின்றுவிட்டதாகவும், மற்றையோர் வலியுறுத்திய கூர்மையை நோக்கி மேலும் செல்லவில்லை என்றும் விளக்குகின்றார். எனவே அது தற்செயலிற் பிறந்து தெரிவாக வளர்ந்த ஒன்று. எது சரியான குவியம் என்று விதிக்கும் உரிமை யாருக்குண்டு என 1864இன் இறுதியில் நண்பர் ஒருவருக்கு எழுதிய மடலில் அவர் வினவியதும் இதுபற்றியே. எல்லை, கவனக்குறைவு, தெரிவு ஆகிய மூன்றையும் பிரித்தறியாத திறனாய்வு பயில்வோரைத் திகைக்க வைக்கும், அல்லது பிடிவாதக்காரராக்கும்.

அம்மடலைப் பெற்ற நண்பர் விஞ்ஞானியான சேர் ஜோன் ஹேர்ஷல். ஒளிப்பட இரசாயனத்தின் அடிப்படைகளை வகுத்தவருள் ஒருவராகிய அவர், கமரனுக்குத் தொழில்நுட்பப் பிழைகளை எடுத்துக்கூறும் தகுதி மிக்கவர். ஆயினும் 1866இல் ஒரு பெண்ணின் உருவப்படத்தைப் பற்றி எழுதுகையில், அத்தலை தாளிலிருந்து வெளியே நீண்டு உயிரோடு நிற்பதுபோல் தோன்றுகிறதென அவர் குறிப்பிட்டார். வெறும் புகழ்ச்சி என இதனை ஒதுக்கிவிட முடியாது. எப்படம், அதில் எது, பார்ப்பவரிடத்து என்ன விளைத்தது என்னும் மூன்றும் இதிலுண்டு. தம் படத்தில் எதனைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பதைக் கலைஞர் இதனால் அறிகின்றார். குறிப்பான பாராட்டும் திறனாய்வின் ஒரு பகுதியே என்பதற்கு இது தக்க சான்று.

1869இல் நிகழ்ந்ததொன்றும் நோக்கற்பாலது. தம் எதிர்மறைத் தகடுகளின் மேற்பூச்சில் வெடிப்புகள் தோன்றிப் படங்கள் அழிவதைக் கண்ட கமரன், காரணம் யாதென ஒளிப்படச் சங்கத்தாரிடமே ஆலோசனை வேண்டினார். தகடுகள் போதியளவு கழுவப்படாமை, கடற்கரையோர வீட்டின் ஈரக்காற்று முதலிய காரணங்கள் முன்வைக்கப்பட்டன. நான்கு ஆண்டுகளுக்கு முன் அவரைக் கண்டித்த சங்கம் இப்பொழுது உடன் ஆராய்வோர் கூட்டமாக அமைந்தது. கேள்வி கலைஞரிடமிருந்து எழுந்ததும், விடை காரணத்தை நோக்கிச் சென்றதுமே இம்மாற்றத்துக்கு ஏதுவாயின.

இவ்வேறுபாட்டைத் தமிழ் மரபு அறியாததன்று. நன்னூல் நூலுக்குரிய குற்றங்கள் பத்து என வகுத்த அதே இடத்தில் அழகுகளும் பத்து என வகுத்தது. குற்றங்களுக்குத் தனித்தனிப் பெயரிட்டமையே அதன் சிறப்பு. மிகைபடக் கூறல் வேறு, மற்றொன்று விரித்தல் வேறு. முன்னதற்கு மருந்து குறைத்தல், பின்னதற்கு மருந்து விலக்கல். ஒளிப்படத்துக்கும் இது பொருந்தும்.

சான்றாக, களனிவெளிப் பாதையில் நுகேகொடை நிலைய மேடையிலே மாலைப் புகையிரதத்துக்காகக் காத்திருக்கும் ஒரு மூதாட்டியை மாணவர் ஒருவர் படம்பிடித்ததாகக் கொள்ளலாம். மூதாட்டி சட்டத்தின் நடுவிற் சிறிதாகத் தெரிகின்றார், மேற்பாதி முழுவதும் வானம், அருகே ஒளிமிக்க விளம்பரப் பலகை, முகமோ நிழலில். ‘அமைப்புச் சரியில்லை’ என்பது தீர்ப்பு மட்டுமே. கண் முதலிற் பலகைக்குச் செல்கிறது, பின்னரே மூதாட்டியை அடைகிறது என்பது அவதானம். இதனை எடுத்தவர் தாமே சோதித்துப் பார்க்கலாம். அடுத்துக் கேட்கவேண்டியது அவர் எதனைக் காட்ட விழைந்தார் என்பது. காத்திருப்பின் களைப்பே பொருளெனில், இரண்டடி நெருங்கிப் பக்கமாக நகர்ந்திருந்தாற் பலகை சட்டத்துக்கு வெளியே போயிருக்கும். முகத்துக்கேற்ப ஒளியை அளந்திருந்தால் நிழல் விலகியிருக்கும். தனிமையே பொருளெனில் அவ்வெறும் வானம் குறையன்று, படத்தின் பலம். பலகை மட்டுமே விலக்கப்படவேண்டியது. நோக்கத்தை அறியாது கூறப்படும் திருத்தம், எடுத்தவரின் படத்தைத் திறனாய்வாளரின் படமாக மாற்றிவிடும்.

ஆயினும் கலைஞரின் நோக்கத்தோடு திறனாய்வு முற்றுப்பெறுவதில்லை. கமரன் குடும்பத்தினர் 1875இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்தனர். இங்கு அவர் எடுத்தவற்றுள் எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. களுத்துறைக் கிராமத்தவரும், தோட்டங்களில் உழைத்த தமிழரும் அவற்றில் இடம்பெறுகின்றனர். இங்கிலாந்தில் அவர் எடுத்த ஹேர்ஷல், தெனிசன் ஆகியோரின் படங்கள் அவர்தம் பெயர்களாலேயே அறியப்படுகின்றன. 1877இல் களுத்துறைக்கு வந்து அவரது கமராவின் முன் அமர்ந்த ஓவியர் மரியான் நோர்த்தின் பெயரும் நிலைத்துள்ளது. தோட்டத் தொழிலாளரின் பெயர்களோ படங்களோடு வந்து சேரவில்லை. அருங்காட்சியகங்களில் அவர்கள் ‘இலங்கைப் பெண்’, ‘களுத்துறைக் குடியானவர் குழு’ என்பன போன்ற பொதுப்பெயர்களாலேயே குறிக்கப்படுகின்றனர். கமரன் 1879 சனவரியில் டிக்கோயாவிற் காலமாகிப் பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கஞ்செய்யப்பட்டார். அவரது கல்லறையில் அவர் பெயர் உண்டு.

குவியம் பற்றி அத்துணை விவாதித்த காலம் இவ்வினாவை எழுப்பவில்லை. கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம் இன்றும் கண்காட்சிகளில் வழமையாக இடம்பெறும் ஒன்று. பச்சைச் சரிவும், கூடையும், சிரித்த முகமும் தொழில்நுட்பத்திற் குறைவின்றி அமைந்திருக்கலாம். ஆனால் அம்மண்டபத்திற்குள் வரும் மாணவர்களுள் மலையகத்துத் தாய்மாரின் பிள்ளைகளும் உளர். அப்படத்திலுள்ள பெண் யார், அவரது உடன்பாடு பெறப்பட்டதா, அவர் இப்படத்தைக் கண்டாரா என்பன அவர்களுக்கு வெளிப்புறக் கேள்விகள் அல்ல. இவற்றைக் கேட்பது இளங் கலைஞரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கன்று. அடுத்த முறை கமராவை உயர்த்துமுன் பெயரைக் கேட்கவும், எடுத்தபின் ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுக்கவும் அவரைத் தூண்டுவதற்கே. வில்லையைச் சரிசெய்யக் கற்பதுபோலவே இதுவும் கற்கக்கூடிய பயிற்சிதான்.

ஆகவே பயில்நிலை ஒளிப்படத்தைத் திறனாய்வோர் முதலிற் கண்டதைக் கூறுதலும், பின் நோக்கத்தை வினவுதலும், எல்லையையும் கவனக்குறைவையும் தெரிவையும் வேறுபடுத்தலும், திருத்தத்தைச் செய்யத்தக்க செயலாகச் சொல்லுதலும், இறுதியாகப் படத்தில் இருப்பவரின் பக்கத்தில் நின்று ஒருமுறை நோக்குதலும் வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் கவியரங்குகளுக்கும் நாடகங்களுக்கும் ஒதுக்கும் நேரத்தில் ஒரு சிறு பகுதியை இதற்கு ஒதுக்குமாயின், சுவரில் தொங்கும் படங்களின் முன் இன்று கேட்கும் இரு சொற்களுக்குப் பதிலாக உரையாடல் ஒன்று உருவாக வழி பிறக்கும்.