பாஸ்கா திரியைத் தாங்கும் பழைய தெய்வங்கள்

பதுவைப் புனித அந்தோனியாரை அறியாத தமிழ்க் கத்தோலிக்க இல்லம் அரிது. ஆனால் பதுவையிலுள்ள அவருடைய பேராலயத்தில், தலைமைப் பீடத்தின் அருகே நிற்கும் வெண்கல விளக்குத்தண்டை அறிந்தவர் மிகச் சிலரே. பாஸ்கா திரியைத் தாங்குவதற்கென, அந்திரேயா பிரியோஸ்கோ என்னும் சிற்பி 1507-இல் ஏற்று, போரினால் இடையே தடைப்பட்டு, 1516-இல் நிறைவு செய்த படைப்பு அது. சுருள்முடி உடையவராதலால் அவரை 'ரிச்சோ' என்றே உலகம் அழைத்தது.

ஏறத்தாழ 4 மீட்டர் உயரமுள்ள அத்தண்டில் ஞானிகளின் வணக்கம், ஆண்டவரின் அடக்கம், அவர் பாதாளத்தில் இறங்கியமை ஆகியன புடைப்புச் சிற்பங்களாக விளங்குகின்றன. அவற்றைச் சூழ்ந்து நிற்பவர் யார்? பெண்முகச் சிங்கங்கள், பாதி மனிதரும் பாதி குதிரையுமான உருவங்கள், ஆட்டுக்கால் கொண்ட வனத்தேவர்கள்! கிரேக்கப் புராணம் திருப்பீடத்தருகே வந்து நிற்கக் காண்கிறோம்.

ரிச்சோவின் புகழுக்கு அவருடைய சிறு வெண்கலங்களும் காரணம். பதுவைப் பல்கலைக்கழக அறிஞர் சூழலில், மேசை மீது வைத்துக் கையில் எடுத்துப் பார்க்கத்தக்க சிற்பங்களையும் விளக்குகளையும் அவர் வார்த்தார். அதே காலத்தில், வீரமாமுனிவர் பிற்காலத்தில் பிறந்த காஸ்திலியோனேவுக்கு அருகிலுள்ள மாந்துவா அரசவையில், 'அந்திக்கோ' எனப் பெயர் பெற்ற சிற்பி உரோமைப் பழஞ்சிலைகளைச் சிறு வடிவில் படைத்தார். கேசத்திற்குப் பொன், கண்களுக்கு வெள்ளி. மூல அச்சுகளைக் காத்து வைத்து, ஒரே உருவத்தை மீண்டும் வார்க்கும் வழியையும் அவர் கையாண்டார்.

இங்கே நம் சோழச் செப்புத் திருமேனிகள் நினைவுக்கு வருகின்றன. அவற்றுக்கும் மெழுகே கரு. ஆனால் மெழுகு உருகி ஓடியபின் களிமண் அச்சு உடைக்கப்படும். ஒவ்வொரு திருமேனியும் ஒன்றே ஒன்றாய்ப் பிறக்கும். திருமஞ்சனமும் வீதியுலாவும் காண்பதற்காகப் பிறந்தவை அவை. இத்தாலியச் சிறு சிற்பங்களோ இரசனைக்காகப் பிறந்தவை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் சோழ நடராசரைக் காண்பவர் அங்கும் வழிபாட்டின் கனத்தை உணர்வர். அந்திக்கோவின் அப்பல்லோவில் அக்கனம் இல்லை; குறையற்ற அழகு, ஆனால் குளிர்ந்த அழகு. ரிச்சோவின் வனத்தேவன் கிண்ணத்தை வாயருகே ஏந்திப் பருகும்போது, அந்த விலங்குடலில் ஒரு மானிடத் தாகம் தெரிகிறது. இவ்விருவருள் ரிச்சோவே பெரிய கலைஞர் என நாம் கருதுவது இதனால்தான்.

விளக்குத்தண்டில் குறையும் உண்டு. உருவங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. அறிஞர் ஒருவர் துணையின்றி எளிய விசுவாசி அதைப் படித்தறிய இயலாது. எனினும் அதன் உச்சியில் எரியவேண்டியது உயிர்த்த ஆண்டவரின் ஒளி. அந்தத் தாகமுள்ள உயிர்கள் அனைத்தும் அவ்வொளியின் கீழே நிற்கின்றன. ஆண்டவர் பாதாளத்தில் இறங்கிய காட்சி அங்கே இடம்பெற்றதன் பொருத்தம் இப்போது விளங்குகிறது.

இது நமக்குத் தொலைவான செய்தியன்று. இந்தியத் திருவழிபாட்டுக்கென உரோமை 1969-இல் இசைவளித்த 12 கூறுகளுள் எண்ணெய் விளக்கும் ஒன்று. இன்று சிலுவை முடி தரித்த குத்துவிளக்கு நம் ஆலயங்களில் எரிகிறது. ஆனால் ரிச்சோவுக்கும் நமக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. அவர் எடுத்தாண்ட தெய்வங்களை அன்று வழிபடுவோர் இல்லை; அவை ஏடுகளில் மட்டுமே வாழ்ந்தன. சாந்தோம் பேராலயத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவிலுள்ள கபாலீசுவரர் கோயிலிலோ நம் அயலாரின் வழிபாடு இன்றும் உயிரோடு இருக்கிறது. அவர் உரிமையோடு அலங்கரித்த இடத்தில், நாம் மரியாதையோடு கேட்டுப் பெற வேண்டியவர்களாய் இருக்கிறோம். பிறர் வழிபடும் உருவத்தை வெறும் அணியாக்குவது பண்பாட்டுமயமாதல் ஆகாது. விளக்கு, மலர், கோலம் போன்ற பொதுச் சொத்துகளில் தொடங்கி, எதை ஏன் ஏற்கிறோம் என்று மக்களுக்கு விளங்கச் சொல்லியே மேலே செல்ல வேண்டும். ரிச்சோ செய்யத் தவறிய அவ்விளக்கத்தை, நம் கலைஞரும் பங்குப் பேரவையினரும் தங்கள் முதற்கடமையாகக் கொள்வார்களாக.