அனிக்குப் போக இப்போது ஒரு டிக்கெட் போதும்!

துருக்கியின் கிழக்குக் கோடியில் கார்ஸ் என்றொரு ஊர். ஓரான் பாமுக்கின் 'பனி' நாவலைப் படித்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். அங்கிருந்து சுமார் 45 கிலோமீட்டர், மரமே இல்லாத புல்வெளி வழியாகப் போனால் திடீரென்று ஒரு கோட்டைச் சுவர் எதிரே எழுந்து நிற்கிறது. அதுதான் அனி. சிங்க வாசலைத் தாண்டி உள்ளே காலெடுத்து வைத்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இடிந்த நகரங்களைப் பார்ப்பதற்கென்றே ஊர் ஊராக அலைகிறவன் நான். இதற்கு ஈடாக ஒன்றை இதுவரை கண்டதில்லை.

டிக்கெட் வாங்கினேன், நுழைந்தேன். 2004 வரை இது நடக்காது. துருக்கிப் பண்பாட்டு அமைச்சகத்தின் அனுமதிச்சீட்டு கையில் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். 1980களில் ஒரு கட்டத்தில் படம் எடுக்கவும் தடை இருந்தது. இத்தனை கெடுபிடி எதற்கு என்று கேட்பவர்கள் நகரத்தின் விளிம்புக்குப் போய் நின்று கீழே பார்க்க வேண்டும். ஆழமான பள்ளத்தாக்கு, அதன் அடியில் அர்ப்பாச்சாய் ஆறு. அந்த ஆறுதான் எல்லை. அக்கரை இன்று ஆர்மீனியா; பனிப்போர்க் காலத்தில் சோவியத் ஒன்றியம். இக்கரை நேட்டோ நாடு. எதிரெதிர் முகாம்களுக்கு நடுவே இருந்தது ஓர் ஆற்றின் அகலம் மட்டுமே! பழைய பாலத்தின் உடைந்த அடித்தூண்கள் இரு கரையிலும் இன்னும் நிற்கின்றன. அதை எத்தனை படம் எடுத்தேன் என்று கணக்கே இல்லை. ஒருவரும் தடுக்கவில்லை.

கி.பி. 961இல் ஆர்மீனியாவின் பாக்ராத்துனி அரசர்கள் அனியைத் தலைநகராக்கினார்கள். ஆயிரத்தொரு தேவாலயங்களின் நகரம் என்று புகழ்பெற்றது. எனக்கு அந்த எண்ணிக்கையெல்லாம் வேண்டாம், பேராலயம் ஒன்றே போதும். 1001இல் முடிந்த அந்தக் கட்டடத்தின் சிற்பி திர்தாத் லேசுப்பட்ட ஆள் இல்லை. 989 நிலநடுக்கத்தில் கான்ஸ்டாண்டிநோபிளின் ஹாகியா சோபியா குவிமாடம் பாதிக்கப்பட்டபோது அதைச் சீரமைத்தவர் அவரேதான். உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள். மெல்லிய தூண்கள் கொத்துக் கொத்தாக மேலேறிக் கூர்மையான வளைவுகளில் சேர்கின்றன. ஐரோப்பாவில் கோதிக் பாணி தலைகாட்டுவதற்கு நூறாண்டுக்கும் மேல் முன்னால் இப்படி ஒரு கற்பனை! 1319 நிலநடுக்கத்தில் குவிமாடம் விழுந்துவிட்டது. அந்த வட்டத்தில் இப்போது வானம் தெரிகிறது. அங்கிருந்து நகரவே எனக்கு மனம் வரவில்லை.

பள்ளத்தாக்குச் சரிவில் திக்ரான் ஹோனென்ட்ஸ் என்ற வணிகர் 1215இல் கட்டிய தேவாலயம். சுவர் முழுக்க ஓவியங்கள், வெளியே கல்லில் விலங்குகள். செங்குத்துப் பாறையின் ஓரத்தில் மனூச்சர் மசூதி. அதன் ஜன்னலில் நின்றால் அக்கரை ஆர்மீனியா அப்படியே கண்ணெதிரே. 1035இல் கட்டிய மீட்பர் ஆலயம் 1950களில் ஒரு புயலில் சரிபாதியாகப் பிளந்து சரிந்தது. மிச்சப் பாதி நிமிர்ந்து நிற்கும் அழகைச் சொல்லி மாளாது.

2016இல் யுனெஸ்கோ அனியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. என்னைக் கேட்டால் எப்போதோ செய்திருக்க வேண்டும்.

போங்கள், கட்டாயம் போங்கள். அங்காராவிலிருந்து கார்ஸுக்கு ரயில் இருக்கிறது. ஆர்மீனியா பக்கமிருந்து ஆற்றைக் கடந்து வரலாம் என்று மட்டும் திட்டம் போடாதீர்கள். அங்கே கடக்க வழி இல்லை. அரை நாள் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், முழு நாளையும் ஒதுக்குங்கள். தொப்பியும் தண்ணீரும் அவசியம். அந்த வெட்டவெளியில் ஒதுங்க நிழல் மிகக் குறைவு.