கரை யாருடைய விருந்து?

“ஒருத்தர் தொந்தரவு இருக்காது சார், பீச்சே உங்களுக்குத்தான்.” மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி, கடற்கரை வில்லா விளம்பரத் தட்டியைப் பார்த்து நின்ற என்னிடம் தரகர் சொன்னது இது. வலை உலர்த்துகிறவர்களையும் உப்பு வாருகிறவர்களையும் அழித்த பிறகுதான் ‘தனிக் கடற்கரை’ என்கிற சொல்லே சாத்தியமாகிறது.

சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்பார்கள். எம்.ஏ. வகுப்பில் அப்பிரதியை நல்லியக்கோடனின் கொடையாகவே படித்தோம். ஆனால் இந்தக் கரையில் பசித்து வந்த பாணனுக்கு நுளைமகள் வடித்த கள்ளைக் கொடுப்பவர்கள் பரதவர்கள். சுட்ட குழல்மீனும் உண்டு. விருந்து படைப்பவர்கள் அவர்கள். ஏனென்றால் கரை அவர்களுடையது.

வில்லாவிலும் மீன் சுடுகிறார்கள். சுடுகிறவர் அதே குப்பத்துக்காரராக இருந்தாலும், அங்கே அவர் பணியாள் மட்டுமே. விருந்தோம்பும் உரிமை மனை வாங்கியவரிடம் போய்விட்டது.

1991இன் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மக்கள் கடலுக்குப் போக இரு விடுதிகளுக்கிடையே 20 மீட்டராவது இடைவெளி விடச் சொன்னது. சரி, யாருடைய கடலுக்கு யார் வழிவிடுவது? நம்ம நெய்தல் ஆய்வுகளோ இன்னும் ‘இரங்கலை’யே பேசுகின்றன. இரங்கினது போதும், வேலியைப் பற்றிப் பேசுவோம்.