பாலாற்றில் ஓடாத கப்பல்

கங்கையில் 1830களிலேயே நீராவிப் படகுகள் ஓடின. படித்துறையையும் புகைபோக்கியையும் ஒரே தாளில் வரைய அங்கே வந்த ஓவியர்களுக்கு வாய்த்தது. எங்கள் காஞ்சியின் பாலாற்றை நம்பி அப்படி யார் வருவார்? மழைக்காலம் போனால் மணல்தான். ஆனால் காஞ்சிக்கு 1865இல் அரக்கோணத்திலிருந்து ரயில் வந்துவிட்டது.

ரயில் வந்த இந்தக் காஞ்சிக்கு 1874இல் எட்வர்ட் லியர் வந்தார். வேடிக்கைப் பாட்டுக்காரர் என்றே உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. எனக்கு அவர் நீர்வண்ணக்காரர்தான். வைஸ்ராய் நார்த்புரூக்கின் அழைப்பில், அறுபதைக் கடந்த வயதில், தன் பணியாள் ஜார்ஜியோவுடன் இந்தியாவைச் சுற்றினார்.

அவர் வேலை செய்யும் விதம்தான் சுவை. இடத்தில் உட்கார்ந்து பென்சிலில் விறுவிறுவென்று கோடு. எந்த மூலையில் என்ன நிறம் என்பதைப் படத்துக்குள்ளேயே எழுத்தில் குறிப்பார். தேதியும் போடுவார், சில சமயம் நேரமும். கோட்டின் மேல் மையோட்டுவதும் வண்ணம் கரைத்து விடுவதும் பிறகு, சாவகாசமாக. சேலை டிசைனைக் கட்டம் போட்ட தாளில் குறித்துவிட்டு, பட்டும் ஜரிகையும் பின்னால் தறியில் சேர்கிற நம்மூர் முறை போலத்தான். எழுத்தைப் பாதி மறைத்தபடி மெல்லிய நீலம் பரவியிருக்கும் இடங்களில் என் கண் நின்றுவிடும். முடித்துக் கொடுத்த அவருடைய பெரிய எண்ணெய் ஓவியங்களில் இந்த மூச்சு இல்லை என்பேன்.

அவருடைய நிலக்காட்சித் தாள்கள் ஆயிரக்கணக்கில் ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன. நம் ஊர் அருங்காட்சியகச் சுவரில் நல்ல நகல்களாவது தொங்கலாம்.