பூர்சா நகரத்து இருட்டு

காத்திக் போஸ்ட்-பங்க் இசையை இன்று யாராவது கையில் எடுத்தால், "இதில் புதிதாக என்ன இருக்கிறது?" என்றுதான் முதலில் கேட்பார்கள். துருக்கியின் 'ஷீ பாஸ்ட் அவே' குழுவின் முதல் ஆல்பமான 'பெலிர்தி கெஜே'யிடம் (2012) போய் அப்படிக் கேட்டால் ஏமாற்றம்தான். 1980களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஒலித்த அதே டிரம் மெஷின், அதே குளிர்ந்த கிட்டார், அதே அடிக்குரல். ஒளிவுமறைவே இல்லாத கடன். ஆனாலும் நகல் எடுக்க வந்த பல குழுக்கள் மறந்துபோன பிறகும் இந்த ஆல்பம் அலுக்காமல் சுழல்கிறது.

குழு பிறந்த ஊர் பூர்சா. ஒட்டோமான் பேரரசின் ஆரம்பகாலத் தலைநகர், பட்டுக்குப் பேர்போனது. இப்போது கார் ஆலைகளின் ஊர். இங்கிலாந்தின் 'சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி' குழு வந்த லீட்ஸ் ஒருகாலத்தில் கம்பளித் துணி ஆலைகளின் ஊர், 'ஜாய் டிவிஷன்' குழு வந்த மான்செஸ்டர் பஞ்சாலைகளின் ஊர். இந்த இசைக்கும் ஆலைச் சங்குக்கும் ஏதோ பூர்வஜென்ம பந்தம் இருக்கவேண்டும். நிரூபிக்கச் சொல்லாதீர்கள்.

கேட்க உட்கார்ந்தால் முதலில் காதில் விழவேண்டியது பேஸ் கிட்டார். சாதாரண ராக்கில் அது தாளத்துக்குத் துணை; இங்கே மெட்டே அதன் கையில்தான். நாலைந்து ஸ்வரங்களை இத்ரிஸ் அக்புலுத் விடாப்பிடியாகச் சுற்றிச் சுற்றி வாசிக்கிறார். மேலே கிட்டார், கோரஸ் என்னும் கருவி வழியாக வருகிறது. வாசித்த ஒலியின் பிரதி ஒன்றை அது துளி தாமதித்து, சுருதியைச் சற்றே அலையவிட்டு, மூலத்தோடு சேர்க்கும். ஒரே தந்தி, ஒட்டியும் ஒட்டாத இரண்டு தந்திகளாகக் கேட்கும். ஈரச் சுவரில் விழுந்த வெளிச்சம் மாதிரி ஒரு மினுக்கம். அடியில் டிரம் மெஷின் களைப்போ உற்சாகமோ இல்லாமல் அடித்துக்கொண்டே போகிறது. சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி தங்கள் மெஷினுக்கு 'டாக்டர் அவலாஞ்ச்' என்று பெயர் வைத்து, குழு உறுப்பினராகவே கொண்டாடினார்கள். அந்தப் பரம்பரை இது.

பிறகு வோல்கான் ஜானெரின் குரல். மந்தர ஸ்தாயியை விட்டு ஏறவே மாட்டேன் என்கிறது. கமகம் இல்லை, கெஞ்சல் இல்லை. பாடுவது துருக்கி மொழியில்; இங்கேதான் கடன் வாங்கிய வடிவம் அவர்களுடையதாகிறது. துருக்கி மொழியில் விகுதியின் உயிரொலி, அது ஒட்டுகிற சொல்லின் உயிரொலிக்கு இசைந்து மாறும். ஒரே சாயலுள்ள ஒலிகள் தாமாகவே வரிசை கட்டுகின்றன. அசையாத குரலுக்கு இதைவிட வாகான மொழி கிடைப்பது அரிது. அர்த்தம் புரியாமலே 'சன்ரி', 'ரிதுவெல்' என்ற பாடல்கள் இரண்டையும் முணுமுணுக்க முடிகிறதென்றால் காரணம் இதுதான்.

எனக்கு அதிகம் பிடித்தது இவர்களுடைய பிடிவாதம். எர்கின் கொராய், பாரிஷ் மான்ச்சோ போன்றவர்கள் நாட்டார் மெட்டையும் மின்கிட்டாரையும் கலந்து அனதோலிய ராக் என்று ஒரு மரபையே உருவாக்கிய நாடு. துருக்கிக் குழு என்றதும் சாஸ் என்ற நாட்டார் தந்தி வாத்தியம் எங்காவது எட்டிப் பார்க்கும் என்று வெளிநாட்டுக் காதுகள் காத்திருக்கும். ஆல்பம் முடியும்வரை எட்டிப் பார்ப்பதில்லை. ஊர் வாசனையை விற்கவேண்டிய கட்டாயம் தங்களுக்கு இல்லை என்று இவர்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

குறை இல்லாமல் இல்லை. பாடல்களின் வேகம் ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட ஒரே அளவு. பாதியில் வேறு வேலைக்குப் போய்விட்டு வந்தால் எந்தப் பாட்டில் இருக்கிறோம் என்று தெரியாது. ஒரு பாட்டுக்கு 'மொனோதொன்' (ஒரே மாதிரியானது) என்றே பெயர் வைத்திருப்பதைப் பார்த்தால், அது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

வெளியிட்டது ஏதென்ஸின் ஃபாப்ரிகா ரெக்கார்ட்ஸ். துருக்கி இருட்டைக் கிரேக்கர்கள் இசைத்தட்டாக்கியதில் ஒரு தனி அழகு. கேட்பவர்கள் ஒன்று மட்டும் செய்யுங்கள்: கைபேசியின் ஸ்பீக்கரில் வேண்டாம். பேஸ் அதில் காணாமல் போய்விடும். மிஞ்சுவது பாதி ஆல்பம்கூட இல்லை.