மகாவோனின் தோள்

இலியட்டில் வரும் வைத்தியன் மகாவோனைப் பற்றிச் சில வருஷங்களுக்கு முன் நண்பர்கள் மத்தியில் பேசினேன். கொல்லும் கையே குணப்படுத்தவும் செய்கிறது, இது மனித இருப்பின் அடிப்படை முரண் என்கிற ரீதியில். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டல் இப்போது சங்கடமாக இருக்கிறது. திரும்பப் படித்தபோது அப்படி ஒரு முரண் காவியத்தில் தட்டுப்படவில்லை. அது என்னிடமிருந்து போனது.

மகாவோனும் தம்பி பொடலீரியஸும் அஸ்க்ளீபியஸின் பிள்ளைகள். ஹோமரில் அஸ்க்ளீபியஸ் இன்னும் கடவுளாகவில்லை, தேர்ந்த வைத்தியன், அவ்வளவுதான். பிள்ளைகள் 30 கப்பல்களோடு ட்ராய்க்கு வந்த தளபதிகள். 4ஆம் காண்டத்தில் மெனலாஸ்மீது அம்பு பாய்ந்ததும் மகாவோனை அழைத்துவரத் தூதன் ஓடுகிறான். மகாவோன் அம்பை இழுக்கிறான், அதன் முட்கள் மடங்கி முறிகின்றன. கச்சையை அவிழ்த்து, ரத்தத்தை உறிஞ்சி எடுத்து, கைரோன் தன் தந்தைக்குக் கொடுத்த மருந்தைத் தடவுகிறான். பேச்சு கிடையாது. இலியட் முழுவதிலும் அவனுக்கு ஒரு வார்த்தை வசனமில்லை.

அவன் வருவதற்கு முன் அகமெம்னன் புலம்புவதைக் கவனிக்க வேண்டும். தம்பி செத்தால் படை ஊர் திரும்ப நினைக்கும், ஹெலனை விட்டுவிட்டுத் தான் அவமானத்தோடு போக நேரும் என்கிறான். காயம் ஆழமில்லை என்று மெனலாஸே சொல்லிவிடுகிறான். ஆனாலும் வைத்தியன் அழைக்கப்படுவது இந்தப் பயத்தின் பின்னணியில்தான். யுத்தம் நின்றுவிடக் கூடாது. 11ஆம் காண்டத்தில் பாரிஸின் மும்முனை அம்பு மகாவோனின் வலது தோளிலேயே தைக்கும்போது, வைத்தியன் ஒருவன் பல வீரர்களுக்கு ஈடு என்று இடோமினியுஸ் பதறி, அவனைத் தேரில் ஏற்றிக்கொண்டு போகும்படி நெஸ்டரிடம் சொல்கிறான். மனிதாபிமானப் பிரகடனம்போல இதை எடுத்துக்காட்டுகிறார்கள். என்னைப் போல் பேரேடு எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது வரவு செலவுக் கணக்கென்று உடனே தெரிந்துவிடும். முரண் எங்கே இருக்கிறது? வைத்தியம் யுத்தத்தின் சாதனங்களில் ஒன்று. ஹோமர் இதை ஒளிக்கவுமில்லை, இதற்காகக் கண்ணீர் விடவுமில்லை.

பிறகு நடப்பது விசித்திரம். நெஸ்டரின் கூடாரத்தில் ஹெகமிடி என்ற சிறைப்பட்ட பெண் ப்ராம்னியன் மது ஊற்றி, வெண்கலத் துருவியால் ஆட்டுப்பால் கட்டியைத் துருவிப்போட்டு, பார்லி மாவு தூவிக் கொடுக்கிறாள். தங்கப் புறாக்கள் அமர்ந்த நெஸ்டரின் கிண்ணத்துக்குக் கூட நாலைந்து வரி கிடைக்கிறது. மகாவோனின் அம்பை எடுத்தார்களா, மருந்து வைத்தார்களா? ஒரு வரி இல்லை. கிழவர் தன் இளமைக்காலச் சண்டைகளைக் கிட்டத்தட்ட நூறு வரிகளுக்கு விஸ்தரிக்கிறார். வைத்தியன் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். 14ஆம் காண்டத் துவக்கத்தில், வெந்நீர் வைத்து ரத்தத்தைக் கழுவுவாள் என்று சொல்லிவிட்டு நெஸ்டர் வெளியே போகிறார். அதற்குப் பிறகு மகாவோன் இல்லை. இந்தப் பானம் காயத்துக்கு ஆகாதே என்று பிளேட்டோவுக்கே உறுத்தியிருக்கிறது. ஆனால் குடியரசில் அதைக் குடித்தவனை யூரிபிலஸ் என்று மாற்றி எழுதிவிடுகிறார். ஞாபகப் பிசகாக இருக்கலாம்.

அந்தத் தேர் பாசறைக்குள் வரும்போது தன் கப்பலிலிருந்து அக்கிலிஸ் பார்க்கிறான். குதிரைகள் வேகமாகக் கடந்துவிட்டதால் முகம் தெரியவில்லை, முதுகு மட்டும் மகாவோன் மாதிரி இருக்கிறது. யாரென்று கேட்டுவர பாட்ரோக்ளஸை அனுப்புகிறான். பாட்ரோக்ளஸின் சாவு அங்கே ஆரம்பித்துவிட்டது என்கிறார் ஹோமர். காவியத்தின் திருப்பம் இந்தச் சரியாகத் தெரியாத முகத்தில் இருக்கிறது.

வாசலிலேயே பாட்ரோக்ளஸுக்குப் பதில் கிடைத்துவிடுகிறது. திரும்பும் வழியில் தொடையில் அம்போடு நொண்டிவரும் யூரிபிலஸைச் சந்திக்கிறான். வைத்தியர்களில் ஒருவன் தனக்கே வைத்தியன் வேண்டிப் படுத்திருக்கிறான், மற்றவன் களத்தில் இருக்கிறான், நீதான் பார்க்க வேண்டும் என்கிறான் யூரிபிலஸ். பாட்ரோக்ளஸ் வைத்தியனல்ல. கைரோனிடம் அக்கிலிஸ் கற்று, அவனிடமிருந்து இவன் கற்றது. அவசரமாகப் போக வேண்டியவன். இருந்தும் நிற்கிறான். கத்தியால் அம்பைக் கீறி எடுத்து, வெதுவெதுப்பான நீரில் கழுவி, கசப்பு வேர் ஒன்றைக் கையால் கசக்கி வைக்கிறான். 15ஆம் காண்டத்தில் மதிலருகே சண்டை நடக்கும்போதும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

யாரும் உத்தரவிடாமல், யுத்தக் கணக்கில் சேராமல் நடக்கும் சிகிச்சை இதுதான். மகாவோனைக் குறியீடாக்கும் அவசரத்தில் நான் தவறவிட்டதும் இதைத்தான். இலியட்டில் அக்கிலிஸ் யாருக்கும் மருந்திடுவதில்லை. அவன் கற்றது பாட்ரோக்ளஸின் கை வழியாக மட்டுமே நம் கண்ணில் படுகிறது. கி.மு. 500ஐ ஒட்டிய ஸோஸியஸ் கிண்ணத்தில் (பெர்லினில் இருக்கிறது) அக்கிலிஸ் குனிந்து பாட்ரோக்ளஸின் கையில் கட்டுப் போடுகிறான். பாட்ரோக்ளஸ் வலியில் பல் தெரிய முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறான். இலியட்டில் இல்லாத காட்சி. வரைந்தவனுக்கு அது வேண்டியிருந்திருக்கிறது.

மகாவோனைக் கொன்றது டெலிஃபஸின் மகன் என்பது பிற்காலக் காவிய மரபு. அவன் பெயரும் யூரிபிலஸ், ஆனால் வேறு ஆள். பெர்கமோனில் அஸ்க்ளீபியஸ் கோயிலில் பாடும் துதிகள் டெலிஃபஸிலிருந்து ஆரம்பிக்கும் என்று கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பாஸேனியஸ் எழுதியிருக்கிறார். மகன் பெயரை மட்டும் கோயிலுக்குள் யாரும் சொல்வதில்லையாம்.