ஜீனோவுக்கு வயல் தெரியாது

அறிவியல் புனைகதையைத் தொலைக்காட்சித் தொடராக எடுப்பவர்களுக்கு எந்த நாட்டிலும் ஒரே தலைவலிதான். எழுத்தாளர் ஒரு வரியில் ஒரு கிரகத்தையே அழித்துவிட்டுப் போய்விடுவார். அதைக் காட்ட வேண்டியவர் அட்டையும் பெயின்டும் வைத்துக்கொண்டு விழிப்பார். ‘ஸ்டார் டிரெக்’ தொடரில் ஆட்கள் ஓரிடத்தில் மறைந்து வேறிடத்தில் தோன்றுவது பெரிய விஞ்ஞானக் கற்பனை என்று பலர் நினைக்கிறார்கள். வாராவாரம் விண்கலத்தைத் தரையிறக்கிக் காட்டப் பணமில்லை, அவ்வளவுதான் காரணம்.

தமிழில் இந்த வகையில் நினைவில் நிற்பது ‘என் இனிய இயந்திரா’. எண்பதுகளில் ஆனந்த விகடனில் சுஜாதா எழுதிய தொடர்கதை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆனந்த், சிவரஞ்சனி நடிக்கத் தூர்தர்ஷனில் தொடராக வந்தது. கதை நடப்பது 2021, 2022 வாக்கில். ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி. பிள்ளை பெற அரசாங்கம் அனுமதி தர வேண்டும். பெயர் இரண்டெழுத்தைத் தாண்டக் கூடாது. நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா, நாய்க்குக்கூட ஜீனோ. ஒருத்தரை ஒருத்தர் கூப்பிடும்போதெல்லாம் அந்த ஆட்சியின் கெடுபிடி காதில் விழுந்துகொண்டே இருக்கும். செட்டுப் போடத் தேவையில்லை, வேஷம் தேவையில்லை, ஒரு பைசா செலவில்லை. பணமில்லாத ஊடகத்துக்கு இதைவிடக் கெட்டிக்காரத்தனமான யோசனையை நான் பார்த்ததில்லை.

ஜீனோ விஷயமும் அப்படித்தான். இயந்திர நாய்; புத்தகம் படிக்கும், தர்க்கம் பேசும், குத்தலாகப் பதில் சொல்லும். பிபிசியின் ‘டாக்டர் ஹூ’விலும் 1977இல் கே-9 என்று ஓர் இயந்திர நாய் வந்தது. அது சக்கரம் வைத்த பெட்டி, ரேடியோவால் ஓட்டினார்கள். ஸ்டுடியோ கேமராக்களுக்கும் அந்த ரேடியோவுக்கும் ஒத்துப்போகாமல் நாய் தறிகெட்டு ஓடும். வாசல்படி வந்தால் நின்றுவிடும். ஆனாலும் குழந்தைகள் அதன்மேல் உயிரையே வைத்திருந்தார்கள், அதன் குரலுக்காக. ஜீனோவின் உயிரும் பேச்சில்தான். இயந்திரம் என்று நம்பவைப்பது அதன் உடம்பைவிட, யாரிடமும் பயப்படாமல் அது பேசும் தோரணை.

பேச்சை நம்பி எடுப்பதை மட்டம் என்று சொல்லிவிட முடியாது. தஞ்சாவூர்க்காரர்களிடம் அந்த வாதம் எடுபடவும் செய்யாது. கதாகாலட்சேபத்தில் ஒற்றை ஆள் ஜால்ராவும் கையுமாக நின்று இலங்கையை எரித்துக் காட்டியதைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. மெலட்டூர் பாகவத மேளாவில் நரசிம்மர் முகமூடி வந்து இறங்கும் நேரத்துக்காக விடியவிடிய உட்கார்ந்திருப்பார்கள். அதுவரை பாட்டும் வசனமும் அபிநயமும்தான். சீமையிலும் இதற்குச் சாட்சி உண்டு. ‘டாக்டர் ஹூ’வின் ஆரம்பகால எபிசோடுகளில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை இன்று இல்லை, பிபிசியே டேப்பை அழித்துவிட்டது. ரசிகர்கள் வீட்டில் டேப்ரிகார்டரில் பிடித்துவைத்த ஒலி மட்டும் எல்லாவற்றுக்கும் மிஞ்சியிருக்கிறது. அதைக் கேட்டே இன்றைக்கும் ரசிக்கிறார்கள்.

ஆக, பேச்சு குறையில்லை. அறைதான் குறை. தூர்தர்ஷன் காலத்துத் தொடர்கள் பெரும்பாலும் நான்கு சுவருக்குள் நின்று பேசின. பதின்மூன்று வாரத்தில் முடிக்க வேண்டும், பட்ஜெட் அவ்வளவுதான் என்று அதற்குச் சமாதானமும் சொல்லப்பட்டது. எனக்கு அது முழுதாக ஒப்பவில்லை. ‘டாக்டர் ஹூ’ எடுத்தவர்களிடமும் பணமில்லை. அவர்கள் செய்தது என்ன? பக்கத்திலிருந்த ஜல்லிக் குவாரிக்குப் போய் அதை அன்னிய கிரகம் என்றார்கள். எத்தனை கதை, அத்தனை குவாரி. கேலிக்கே ஆளானது அந்த வழக்கம். என்றாலும் திரையில் ஆகாயம் தெரிந்தது, காற்று அடித்தது.

டெல்டாவில் குவாரிகூட வேண்டாம். கோடையில் வேதாரண்யம் உப்பளத்துக்குப் போய் நின்றால் தெரியும். பாத்தி பாத்தியாகத் தண்ணீர் வற்றி, வரப்போரம் உப்பு வெள்ளையாகக் குவிந்து, கண் கூசும். நிழலுக்கு ஒரு மரம் இருக்காது. அந்தப் பக்கம் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, தண்ணீருக்குள்ளிருந்து வேர்கள் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும். சித்திரையில் கொள்ளிடத்து மணல். வேற்றுக் கிரகம் மூன்றுக்கும் சேர்த்துப் பஸ் கட்டணம்தான் செலவு. வெளியே போகத் தூர்தர்ஷனிடம் கேமரா இல்லாமலும் இல்லை. ‘வயலும் வாழ்வும்’ நிகழ்ச்சிக்காக அதே நிலையத்துக் கேமரா நாற்றங்காலுக்கும் களத்துமேட்டுக்கும் போய்க்கொண்டுதான் இருந்தது. விவசாயிக்கு ஒரு கேமரா, எதிர்காலத்துக்கு ஒரு கேமரா என்று பிரித்துவைத்த மனசுதான் இங்கே கோளாறு.

இந்தப் பிரிவினை சுஜாதாவிடமே இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தவர் அவர். ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’ கதைகளில் அந்த ஊரின் வீதியும் மனிதர்களும் அப்படியே வந்து நிற்பார்கள். விஞ்ஞானக் கதை என்று வந்துவிட்டால் அவர் நகரத்துக்குக் குடிபெயர்ந்துவிடுவார். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவான பெல் நிறுவனத்தில் வேலை பார்த்த பொறியாளர். இயந்திரம் என்றால் அவருக்குச் சர்க்யூட்டும் கம்ப்யூட்டரும். நெல் ஞாபகத்துக்கு வரவில்லை.

நெல்லில் விஞ்ஞானம் இல்லாமலா போயிற்று? தீவிர வேளாண்மைத் திட்டத்துக்கு 1960இல் முதலில் தேர்ந்தெடுத்த ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூர் ஒன்று. ஜப்பானிய நெல்லையும் நம் ஜி.இ.பி. 24ஐயும் சேர்த்து ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த ஏடீடி 27 அறுபதுகளில் குறுவை வயலுக்கு வந்தது. ஆய்வகத்தில் செய்த உயிர் ஒன்று ஊர் முழுக்கப் பரவி, மக்கள் சாப்பிடுகிற சோற்றையே மாற்றுவதைவிட அறிவியல் கதைக்கு வேறென்ன கரு வேண்டும்? ஒருத்தரும் தொடவில்லை. ‘எந்திரன்’ வந்த 2010இல் பணமும் கிராபிக்ஸும் கொட்டிக் கிடந்தன; கதை அப்போதும் நகரத்தை விட்டு நகரவில்லை.

‘என் இனிய இயந்திரா’ சொன்ன 2021 வந்து போய்விட்டது. அதற்கு முந்திய ஆண்டுதான் சட்டசபை காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் போட்டது. மீத்தேன், ஹைட்ரோகார்பன் என்று சொல்லிக்கொண்டு பூமிக்கடியில் துளை போட வந்தவர்களை எதிர்த்து ஊர் ஊராக உட்கார்ந்திருந்தவர்கள் கேட்டு வாங்கியது அது. இன்று மருந்தடிக்க வயலுக்குமேல் ட்ரோன் பறக்கிறது. கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்புக் கரிக்கிறது. குறுவைக்கு மேட்டூரில் எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்ற கவலை மட்டும் பழையதுதான். இரண்டெழுத்துப் பெயரில் ஒரு சர்வாதிகாரத்தையே கட்டிக்காட்டிய அந்தப் புத்தி இந்தப் பக்கம் ஒருமுறை திரும்பியிருந்தால், ஜீனோவிடம் கேட்பதற்கு நெல் விளைகிற ஊரில் கேள்விகள் நிறையவே இருந்தன.